எல்லைக்கு இருபுறமும் இரு கடிகாரங்கள்

மூக்கண்டப்பள்ளியைப் பலரும் பேருந்தில் அமர்ந்தபடியே கடந்திருப்பர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஓசூரைத் தாண்டியதும் சாலையோரத்தில் வரும் ஊர் அது. ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் இவ்வூரின் நாள் ஆலைச் சங்கொலியோடு விடியத் தொடங்கியது. இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட இப்பகுதியை ஒட்டியே டைட்டன் கைக்கடிகாரங்கள் உருவாகும் ஆலை நிற்கிறது.

இங்கிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் சென்றால் அத்திப்பள்ளி, கர்நாடக எல்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் தொலைவு. அந்நகரின் வடபுறத்தில், சாலஹள்ளி என்னும் பகுதியில் எச்.எம்.டி. கடிகார ஆலை இயங்கியது. ஒரு தலைமுறை இந்தியர்களின் மணிக்கட்டில் துடித்த கடிகாரங்கள் அங்கேதான் பிறந்தன. ஒரே வட்டாரத்தில் இரண்டு ஆலைகள். ஒன்று வளர்ந்தது, மற்றொன்று மூடப்பட்டது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மூடப்பட்டது எவரும் வெறுத்த கடிகாரமன்று. நம்மில் பலர் வீட்டு அலமாரியைத் திறந்தால், கைக்குட்டையில் சுற்றிய தந்தையின் எச்.எம்.டி. இன்றும் கிடைக்கக்கூடும். சாவியைத் திருகினால் ஓடவும் கூடும். இத்தனை அன்புக்குரிய பொருள் ஏன் தோற்றது? "அரசு நிறுவனம், அதனால் அழிந்தது" என்பர் சிலர். "மின்கலக் கடிகாரம் வந்தது, சாவிக் கடிகாரம் போயிற்று" என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் பாதி உண்மைகளே. மீதிப் பாதியைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டுக்கு நேரம் சொன்ன ஆலை

நாடு விடுதலை அடைந்த காலத்தில் நல்ல கைக்கடிகாரம் என்றாலே அது சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. கிராமத்தில் கடிகாரம் கட்டியவர் என்றால் ஆசிரியராகவோ, தபால் அலுவலராகவோ, இரயில்வே ஊழியராகவோ இருப்பார். மற்றவர்க்கு நிழலும், கோவில் மணியும், ஆலைச் சங்குமே நேரங்காட்டிகள்.

1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனத்தின் முதற்பணி கடிகாரம் செய்வதன்று. பிற ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை உருவாக்குவதே அதன் கடமை. ஒரு நாடு தன் காலில் நிற்க அத்தகைய தாய் இயந்திரங்கள் தேவை என்பது அக்கால நம்பிக்கை. நுண்ணிய அளவில் உலோகத்தைக் கடைந்தெடுக்கும் திறன் கைவந்தபின், அத்திறனின் அடுத்த படியாகக் கடிகாரம் வந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகார ஆலை தொடங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார்.

அந்தக் கடிகாரங்களுக்கு இடப்பட்ட பெயர்களே ஒரு காலத்தின் கனவைச் சொல்லும். ஜனதா, ஜவான், பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர், சுஜாதா. மக்கள், படைவீரன், விமானி, பொன் எனப் பெயரிலேயே நாடு இருந்தது. பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறியும் பிரெயில் கடிகாரத்தையும் இந்நிறுவனம் செய்தது. நாட்டுக்கே நேரம் காப்பவர் நாங்கள் என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. அது வெற்றுப் பெருமையும் அன்று. காலப்போக்கில் அது விற்ற கடிகாரங்களின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது.

பத்தாம் வகுப்பில் தேறிய மகனுக்கு, வேலையில் சேர்ந்த மகளுக்கு, மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கு, பணி ஓய்வு பெறும் மூத்த ஊழியருக்கு என வாழ்வின் திருப்பங்கள்தோறும் எச்.எம்.டி. வந்து நின்றது. விலையும் நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டக்கூடியது. ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. விரும்பிய வகையைப் பெறப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் உறவினரிடம் சொல்லிவைக்க வேண்டும். காத்திருந்து பெற்றதால் அதன் மீதிருந்த பற்றும் மிகுந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் பின்னாளைய தோல்வியின் விதை கிடந்தது என்பதை அன்று யாரும் உணரவில்லை.

சுருள்வில்லும் படிகமும்

இரு கடிகாரங்களும் நேரத்தை அளக்கும் முறை வேறு வேறு. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஒரு சுருள்வில் உண்டு. காலையில் நாம் திருகும்போது அது இறுகுகிறது. பின் நாள் முழுதும் மெல்ல மெல்லத் தளர்கிறது. அது ஒரேயடியாகத் தளர்ந்துவிடாமல் பல்சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடுவிப்பது இருபுறமும் ஊசலாடும் சிறு சக்கரம். நாம் கேட்கும் 'டிக் டிக்' ஒலி அந்தத் தடுப்பின் ஒலியே. ஜனதா போன்ற கடிகாரங்களில் அது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை நிகழ்கிறது. தேய்மானம் மிகும் இடங்களில் பதினேழு செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். 'பதினேழு கல் கடிகாரம்' என்று பெரியவர்கள் பெருமையோடு சொன்னது இதைத்தான்.

இவ்வளவு நுட்பம் இருந்தும் அந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சில நொடிகளாவது முந்தும் அல்லது பிந்தும். வெயில், குளிர், கையசைவு, எண்ணெயின் பதம் அனைத்தும் அதைப் பாதிக்கும். அதனால்தான் வானொலியில் செய்தி தொடங்கும்போது வீட்டுப் பெரியவர் கடிகாரத்தைச் சரிசெய்வது அன்றாடச் சடங்காக இருந்தது.

குவார்ட்ஸ் கடிகாரம் வேறு வகை. மின்கலத்திலிருந்து மின்சாரம் பாயும்போது அதனுள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று கிடைக்கும். நுண்மின் சுற்று அப்படி வகுத்து, நொடிக்கொரு முறை முள்ளை நகர்த்துகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு மாதத்திற்கு ஏறத்தாழ பதினைந்து நொடி அளவே பிழை நேரும். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்குக் கொணர்ந்தது.

அந்தக் கண்டுபிடிப்பு முதலில் உலுக்கியது சுவிட்சர்லாந்தை. 1970இல் அந்நாட்டுக் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் உழைத்தனர். 1980களின் நடுவில் எஞ்சியவர் 30,000 பேரைச் சற்றே மிகுந்தவர். நூற்றாண்டுப் பெருமையுள்ள கைவினைஞர்கள் கூட ஒரு சிறு படிகத்தின் முன் தடுமாறினர். ஆகவே எச்.எம்.டி.க்கு நேர்ந்தது அதற்கு மட்டுமே நேர்ந்ததன்று.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. குவார்ட்ஸ் கடிகாரத்தை எச்.எம்.டி. அறியாதிருக்கவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே அதைச் செய்து விற்பனைக்கும் விட்டது. புதிய நுட்பம் தெரியாமல் தோற்றது என்று சொல்ல முடியாது. கையில் இருந்தும் அதன்மேல் தன் எடையை வைக்கவில்லை என்பதே உண்மை. ஏன்?

எல்லையின் இப்புறத்தில்

அதே காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேறொரு முயற்சி உருவாகிக்கொண்டிருந்தது. டாட்டா குழுமமும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கைகோத்து 1984இல் டைட்டன் வாட்ச்சஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தன. டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாடு என்பதன் முதலசையையும் இணைத்தே அப்பெயர் அமைந்தது என்பர். அந்த வகையில் அதன் பெயருக்குள்ளேயே நம் மாநிலம் உறங்குகிறது. அதன் முதல் மேலாண்மை இயக்குநராக இருந்து வழிநடத்தியவர் செர்க்சஸ் தேசாய். 2016இல் மறைந்த அவர், கடிகாரத் தொழிலில் ஊறியவரல்லர். அச்சுத்தொழில் நிறுவனமான டாட்டா பிரஸ்ஸிலிருந்து வந்தவர்.

ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஓசூர். அன்று அது தருமபுரி மாவட்டத்தின் ஒரு பின்தங்கிய மூலை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். பெங்களூரின் தொழில் அறிவு அருகில்; நிலமும் சலுகையும் தமிழ்நாட்டில். அந்த அறிவில் ஒரு பங்கு எச்.எம்.டி.யே வளர்த்த அறிவு. அங்கே பழகிய வல்லுநர் சிலர் எல்லை தாண்டி வந்து புதிய ஆலையில் பணியேற்றனர். தாயிடம் கற்ற கலையைக் கொண்டு பிள்ளை வேறு வீடு கட்டியது போல என்று இதைச் சொல்லலாம்.

தொழிலாளரைத் தெரிவு செய்த முறை இப்பகுதி மக்கள் நினைவில் வைக்கத்தக்கது. பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயதுச் சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்து, நுண்வேலையில் பயிற்சி தந்தனர். வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்த அவர்களுக்குத் தங்குமிடம் அமைத்து, பெற்றோர் நிலையில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் அமர்த்தினர். மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் அங்கே வேலை கிடைத்தது. ஏர் பிடித்த குடும்பத்தின் பிள்ளை உருப்பெருக்கிக் கண்ணாடியை அணிந்து, மயிரிழை போன்ற முள்ளைப் பொருத்தக் கற்றது. பின்னர் 1990களில், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் சேர்ந்து நடத்திய மெடோ என்னும் அமைப்புக்கும் கடிகார வேலைகள் பகிர்ந்தளிக்கப்பட்டன.

டைட்டன் செய்த முதல் தெரிவே துணிவானது. சாவிக் கடிகாரத்தை அது தொடவேயில்லை. குவார்ட்ஸ் மட்டுமே என்று முடிவு செய்தது. கடிகாரத்தின் உள்ளியக்கத்திற்குப் பிரான்சு நாட்டு நிறுவனத்தின் துணையைப் பெற்றது. 1987இல் கடிகாரங்கள் கடைக்கு வந்தன. முதல் தனிக்கடை திறக்கப்பட்ட இடம் எது தெரியுமா? பெங்களூர்! எச்.எம்.டி.யின் சொந்த நகரிலேயே புதியவர் விளக்கேற்றினார்.

அந்தக் கடை வாங்குவோரின் மனத்தை மாற்றியது. அதுவரை கடிகாரக் கடை என்றால் இருண்ட இடுக்கில், கண்ணாடிப் பேழைக்குள் சில கடிகாரங்கள் அடுக்கியிருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லவே தயங்குவோம். புதிய கடையில் வெளிச்சமும், வரிசை வரிசையாகக் கடிகாரங்களும், விலைச்சீட்டும் இருந்தன. நாளிதழ்களில் ஒரே பக்கத்தில் பல கடிகாரங்களின் படங்களை விலையோடு அச்சிட்டனர். வீட்டில் அமர்ந்தே குடும்பமாகத் தெரிவு செய்யலாம். தொலைக்காட்சியில் மொசார்ட்டின் இருபத்தைந்தாம் சிம்பொனியிலிருந்து எடுத்த இசைத் துணுக்கு ஒலிக்கும். ஒருவர் மற்றவருக்குக் கடிகாரம் பரிசளிப்பார். அந்த விளம்பரத்தின் பேச்செல்லாம் உறவைப் பற்றியதே. அது விற்றது அன்பளிப்பு. நேரம் அதனுடன் இலவசமாக வந்தது.

தோல்வியின் வேர்கள்

இப்போது நாம் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். குவார்ட்ஸைக் கையில் வைத்திருந்த எச்.எம்.டி. அதை ஏன் நம்பவில்லை?

முதற்காரணம் அதன் வெற்றியே. செய்வதெல்லாம் விற்றுப்போகும் நிறுவனத்திற்கு எதை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்? காத்திருப்போர் வரிசையை அது விருப்பத்தின் அடையாளமாகக் கண்டது. உண்மையில் அது தட்டுப்பாட்டின் அடையாளம். வாங்குவோர்க்கு வேறு வழியின்மையை வாங்குவோரின் அன்பென்று எண்ணிவிட்டால், கணக்குப் பிழைத்துவிடும். மறுபுறம் கடத்தல் கடிகாரங்கள் துறைமுக நகரங்களின் சந்துகளில் தாராளமாக விற்றன. மெலிந்த, பளபளப்பான கடிகாரத்தை மக்கள் நாடுகின்றனர் என்பதை அந்தச் சந்துகள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தன.

இரண்டாம் காரணம் முதலீடு. சாவிக் கடிகாரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணுறுப்புகளைக் கடைந்தெடுக்கும் இயந்திரங்களும், அவற்றை இயக்கும் ஆயிரக்கணக்கான கைகளும் அங்கே இருந்தன. குவார்ட்ஸ் கடிகாரத்தில் அந்த உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேலையில்லை. அவற்றின் இடத்தில் படிகமும் மின்சுற்றும் மின்கலமும் அமர்கின்றன. குவார்ட்ஸை முழுமனத்தோடு தழுவுவது என்றால், தன் தொழிலாளரின் கைத்திறனில் பெரும்பகுதி இனித் தேவையில்லை என்று அறிவிப்பதாகும். எந்த மேலாளருக்கு அது எளிது? புதிய ஆலையான டைட்டனுக்கு அந்தச் சுமை இல்லை. இழக்க ஏதுமில்லாதவனின் துணிவு அதற்கு வாய்த்தது.

மூன்றாம் காரணம் விரிவாக்கத்தின் திசை. 1970களில் காஷ்மீரிலும், 1978இல் தும்கூரிலும், 1980களில் இமயமலை அடிவாரத்து ராணிபாக்கிலும் எச்.எம்.டி. ஆலைகள் எழுந்தன. பின்தங்கிய பகுதிகளுக்கு வேலை தரும் நல்லெண்ணம் அதில் இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் உலகம் குவார்ட்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்த விரிவாக்கம் பெரிதும் சாவிக் கடிகாரத்தை நம்பியே நடந்தது. ஓடும் நீரின் திசை மாறிய பின், பழைய ஆற்றங்கரையில் புதிய மதகு கட்டியதை ஒக்கும் இது.

நான்காவது, கடிகாரம் என்றால் என்ன என்பதில் இருந்த கருத்து வேறுபாடு. எச்.எம்.டி.யின் பொறியாளர்க்கு அது ஒரு கருவி. பழுதின்றி ஓட வேண்டும், நெடுங்காலம் உழைக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார். அதன் விளைவு என்ன? ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டியதில்லை! மணநாளில் கட்டிய கடிகாரம் ஓய்வுநாள் வரை ஓடியது. டைட்டனோ கடிகாரத்தை அணிகலனாகக் கண்டது. அலுவலகத்திற்கு ஒன்று, விழாவிற்கு ஒன்று, பிறந்தநாள் பரிசாக ஒன்று என ஒருவரே பலவற்றை வாங்கலாம் என்னும் எண்ணத்தை அது நம் மனத்தில் விதைத்தது. கருவி ஒன்று போதும், அணிகலனுக்கு அளவில்லை.

ஐந்தாவது, முடிவெடுக்கும் வேகம். அரசு நிறுவனத்தில் ஒரு புதிய முகப்பு வடிவத்திற்கும், ஒரு விளம்பரச் செலவிற்கும் பல மேசைகளைக் கடந்தாக வேண்டும். பொதுப்பணத்திற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த எச்சரிக்கை தவறன்று. ஆயினும் பருவத்திற்குப் பருவம் மாறும் சந்தையில் அந்த எச்சரிக்கையே காலில் கட்டிய கல்லாயிற்று. 1991க்குப் பின் பொருளாதாரக் கதவுகள் திறந்து, மலிவான மின்கலக் கடிகாரங்கள் தெருவோரக் கூடைகளில் கூடக் குவிந்தபோது, அந்தக் கல்லின் கனம் முழுமையாகத் தெரிந்தது.

விளையாட்டுக் கருவியிலும் இதே பாடம்

இது கடிகாரத்திற்கு மட்டும் உரிய கதை என்று கருத வேண்டா. பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டுக் கருவிகளின் உலகிலும் இதைக் காண்கிறோம். ஜப்பானின் சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் என்னும் கருவியை இன்றும் அன்போடு நினைப்போர் பலர். தொலைபேசி வழியே இணையத்தோடு இணையும் வசதி அதில் முன்கூட்டியே இருந்தது. எனினும் 2000இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்ததும், 2001இல் சேகா அக்கருவியின் உற்பத்தியை நிறுத்தி, கருவி செய்யும் தொழிலிலிருந்தே விலகியது.

அதற்கும் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் கதையோடு பொருந்துகிறது. சோனியின் கருவியில் திரைப்படக் குறுந்தகடுகளையும் பார்க்கலாம். பிள்ளைக்கு விளையாட்டு, பெற்றோருக்குத் திரைப்படம் என்று அது முழுக் குடும்பத்திற்கும் உரியதாயிற்று. டிரீம்காஸ்ட் நல்ல விளையாட்டுக் கருவியாக மட்டும் இருந்தது. எச்.எம்.டி. நல்ல கடிகாரமாக மட்டும் இருந்தது. தன் கடமையைச் சரியாகச் செய்த பொருள், கடமைக்கு அப்பாலும் ஒன்றைத் தந்த பொருளிடம் தோற்றது.

எளிய தீர்ப்பின் குறை

இந்தக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஒரு தீர்ப்போடு முடிப்பர்: அரசு தோற்றது, தனியார் வென்றது. ஓசூரில் நின்று பார்ப்போர்க்கு இத்தீர்ப்பு முழுமையாகத் தோன்றாது. ஏனெனில் டைட்டன் தனியார் மட்டும் பெற்ற பிள்ளையன்று. தமிழ்நாடு அரசின் டிட்கோ அதன் பிறப்பிலேயே பங்காளி. இன்றும் அந்நிறுவனப் பங்குகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் அதனிடமே உள்ளது. நிலம் வகுத்துத் தந்த சிப்காட்டும் அரசு அமைப்பே. இங்கே அரசு தோற்கவில்லை; தன் பங்கு எது, பிறர் பங்கு எது என்று பிரித்துக்கொண்டது. தொலைநோக்கும் முதலீடும் தந்துவிட்டு, முகப்பின் நிறத்தை முடிவு செய்யும் வேலையை வேறொருவரிடம் விட்டது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. எச்.எம்.டி. இல்லாதிருந்தால் டைட்டன் இவ்வளவு எளிதாக வேரூன்றியிருக்குமா? கைக்கடிகாரம் கட்டும் பழக்கத்தைச் சாதாரண மக்களுக்கு ஊட்டியது எச்.எம்.டி. இந்தியக் கைகளால் நுண்கருவி செய்ய இயலும் என்று காட்டியது எச்.எம்.டி. ஊர்தோறும் கடிகாரம் பழுதுபார்ப்போர் வாழ வழி செய்ததும் அதுவே. உழுதவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர்.

வென்றவரின் கதையும் நேர்கோடாக இல்லை. 1990களில் ஐரோப்பியச் சந்தையில் நுழைய முயன்று டைட்டன் பெருநட்டம் கண்டது. 1994இல் தொடங்கிய தனிஷ்க் நகைத்தொழிலும் முதல் ஆண்டுகளில் நட்டத்திலேயே ஓடியது. பின்னர் அந்த நகைத்தொழிலே நிறுவனத்தின் முதுகெலும்பாயிற்று. இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்து வருகிறது. 2013இல் அது டைட்டன் கம்பெனி எனப் பெயர் கொண்டது. 2002இல் 3.5 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட எட்ஜ் கடிகாரத்தைப் படைத்த அதே ஆலை, இன்று கைப்பேசியில் நேரம் பார்க்கும் தலைமுறையைச் சந்தித்தாக வேண்டும். அன்று சாவிக் கடிகாரத்தின் முன் நின்ற கேள்வி, இன்று எல்லாக் கடிகாரங்களின் முன்னும் நிற்கிறது.

மூடிய கதவின் முன்

2000இல் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு தனி நிறுவனமாக்கப்பட்டது. நட்டம் நிற்கவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டங்களில் தொழிலாளர் வெளியேறிக்கொண்டே இருந்தனர். 2014இல் மூடும் எண்ணம் வெளிப்பட்டது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது.

அப்போது நடந்ததே இக்கதையின் உருக்கமான பகுதி. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் மக்கள் கடைகளை நாடினர். பல்லாண்டு தேங்கிக் கிடந்த கடிகாரங்கள் விற்றுத் தீர்ந்தன. ஜனதாவையும் பைலட்டையும் தேடிச் சேகரிப்போர் பெருகினர். 2019இல் பெங்களூரில் அந்நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மக்கள் குடும்பத்தோடு சென்று பார்க்கின்றனர். அந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் அது காலம் தாழ்ந்து வந்த அன்பு.

நாம் எச்.எம்.டி.யை நேசித்தோம், ஆனால் டைட்டனை வாங்கினோம். நேசித்தது தந்தையின் கையில் இருந்த கடிகாரத்தை. வாங்கியது நம் மகளுக்கான கடிகாரத்தை. நினைவு வேறு, சந்தை வேறு என்று நாம் அறியாமலேயே பிரித்துவிட்டோம். நினைவுகளால் ஓர் ஆலையின் உலை எரிவதில்லை. தும்கூரில் கதவு மூடியபோது வெளியே வந்து நின்ற தொழிலாளிக்கு, பத்துக் கோடிப் பேரின் பற்று ஒரு மாதச் சம்பளமாகவும் மாறவில்லை. தம் தொழிலில் தவறு செய்யாமலே தோற்ற அந்த மனிதரை, வென்ற பொருளை வாங்கிய நாம் எளிதில் மறந்துவிடலாகாது.

மூக்கண்டப்பள்ளியில் மாலை முறை முடிந்து ஆலை வண்டிகள் சாலைக்கு வரும் நேரத்தில் அந்நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். அடுத்த முறைக்கு உள்ளே போவோரும், வீடு திரும்புவோரும் ஒரே வாயிலில் எதிரெதிரே கடந்து செல்வர். முன்பு இதே போல் சாலஹள்ளியிலும் மாலைதோறும் ஒரு வாயில் திறந்து மூடியது. இங்கே உழைக்கும் கைகளும் அங்கே உழைத்த கைகளும் ஒரே வேலையைத்தான் செய்தன. எந்த ஆலையின் நற்காலமும் அதன் தொழிலாளியின் கைத்திறனால் மட்டும் நிலைப்பதில்லை. வெளியே மாறும் உலகைக் காணும் கண்ணும் அதற்கு வேண்டும். அந்தக் கண் மூடியிருந்ததற்குக் கைகள் விலை கொடுத்தன.

அலமாரியில் உறங்கும் அந்தப் பழைய கடிகாரத்தை எடுத்து ஒருமுறை சாவி கொடுத்துப் பாருங்கள். நொடிக்கு ஐந்து முறை அது பேசும். நேரம் சற்றுப் பிந்தியிருக்கலாம். அதைச் சரிசெய்து, மகனுக்கோ மகளுக்கோ காட்டி, இது யாருடைய கைகளால் ஆனது என்று சொல்லுங்கள்.